கழுவெளியும் நகரமைப்பும்



ஒரு நகரத்தின் அழிவு பகைவர் படையால் மட்டும் வருவதன்று. நிலத்தின் தன்மையறியா எழுதுகோலாலும் வரும். சென்னையின் தென்பால் கிடக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு அதற்குக் கண்கண்ட சான்று.

நீர் பரந்து தேங்கும் இத்தகு தாழ்நிலத்துக்குத் தமிழ்மக்கள் இட்ட பெயர் கழுவெளி. பெயரிட்டவர்க்கு அந்நிலத்தின் பயன் தெரிந்திருந்தது. தென்சென்னையைச் சூழ்ந்த ஏரிகள் பலவும் நிரம்பி வழியும் நீர் கழுவெளியில் வந்து தங்கும். தங்கிய நீர் ஒக்கியம் மடுவின் வழியே மெல்ல வடிந்து கோவளத்துக் கழிமுகம் சேரும். இடையில் ஒரு பங்கு மண்ணுள் இறங்கி நிலத்தடி நீராகும். உப்புநீர் உட்புகாமல் காக்கும். வெள்ளத்துக்கு அணையாகவும் வறட்சிக்குச் சேமிப்பாகவும் ஒரே நிலம் நின்றது. நூற்றுக்கு மேற்பட்ட பறவை வகைகளும் அங்கு இரை தேடின.

ஆனால் ஆட்சியாளர் கண்ணுக்கு அது ஏர் உழாத, வரி தராத வெற்றுநிலமாகவே தோன்றியது. பயனற்றது என்று ஏட்டில் எழுதப்பட்ட நிலத்துக்குக் காவல் ஏது? மாநகரின் குப்பை பெருங்குடிப் பக்கம் மலையாகக் குவிக்கப்பட்டது. சாலைகளும் தொடர்வண்டி நிலையங்களும் கணினித் தொழிற்கூடங்களும் அடுக்குமாடிகளும் எழுந்தன. 1960-களில் 5,000 எக்டருக்கு மேற்பட்டிருந்த பரப்பு, அரை நூற்றாண்டுக்குள் ஏறத்தாழ 600 எக்டராகச் சுருங்கியது.

இப்பிழை பள்ளிக்கரணையில் தொடங்கியதன்று. 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரியை வடித்துத் தியாகராயர் நகர் அமைக்கப்பட்டது. ஏரி போயிற்று, மேற்கு மாம்பலத்து ஏரிக்கரைச் சாலையின் பெயர் மட்டும் எஞ்சிற்று. 1976-இல் எழுந்த வள்ளுவர் கோட்டமும் நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்திலேயே நிற்கிறது. நாட்டின் உறுப்புகளாக நீரையும் மலையையும் எண்ணியவர் வள்ளுவர். அரணின் உறுப்புகளாக நீர், வெளிநிலம், மலை, காடு ஆகியவற்றை எண்ணியவரும் அவரே. அவர்க்கு எடுத்த கோட்டமே ஏரியின்மேல் எழுந்ததைத் தமிழர் மறைக்கலாகாது. உணர்ந்து திருந்துதல் வேண்டும்.

இனித் திருத்தும் கருவி யாது? நகரமைப்புச் சட்டமே. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டைத் தன் பெயரில் தாங்கியது. ஈரான் நாட்டு இராம்சர் நகரில் ஈரநிலங்களைக் காக்கும் உலக உடன்படிக்கை கையெழுத்தானதும் அதே ஆண்டில்தான். இச்சட்டத்தின்படி, எந்த நிலம் குடியிருப்புக்கு, எந்த நிலம் தொழிலுக்கு, எந்த நிலம் திறந்தவெளியாக நிற்க வேண்டும் என்பதை முழுமைத் திட்டம் முன்கூட்டியே வரையறுக்கும். ஒரு நிறம் மாறினால் நிலத்தின் விலை மாறும். விலை மாறினால் ஏரி மனையாகும். ஆகவே அவ்வரைபடம் வெறுந்தாள் அன்று; ஊரின் உயிர்.

2007-இல் சதுப்பின் 317 எக்டர் காப்புக்காடாக அறிவிக்கப்பெற்றது. 2008-இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டம், கட்டடங்களைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ வேண்டிய நிலங்களுள் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்பையும், கடலோர நிலத்தடிநீர்ப் பரப்பையும், பள்ளிக்கரணைச் சதுப்பையும் சேர்த்தது. 2022-இல் 1,247.5 எக்டர் இராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இவை நல்லவையே, எனினும் காலந்தாழ்ந்தவை. 2015-இலும் 2023-இலும் திசம்பர்த் திங்களில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீருள் மூழ்கின. நீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை, மறந்தவர் மாந்தரே.

இதில் பெருங்கொடுமை ஒன்றுண்டு. ஆற்றங்கரைக் குடிசைகளினின்று அகற்றப்பட்ட ஏழையர் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டனர். அவையும் சதுப்பை ஒட்டிய தாழ்நிலங்களே. வெள்ளத்தினின்று காப்பதாகச் சொல்லி வெள்ளத்தின் வாயிலேயே வைப்பது எவ்வகை அறம்? குடிசைக்கு ஒரு சட்டமும் மாடத்துக்கு ஒரு சட்டமும் இருக்குமாயின் எந்த ஏரியும் பிழையாது.

ஆகலான் அடுத்த முழுமைத் திட்டத்தில் மூன்று செய்தல் வேண்டும். ஏரி, ஓடை, சதுப்பு ஆகியவற்றை முதலில் வரைந்து எல்லைக்கல் நட்டு, எஞ்சிய நிலத்திலேயே நகரை வரைதல் வேண்டும். சதுப்பை மட்டுமன்றி, அதற்கு நீர் கொணரும் வாய்க்கால்களையும் கொண்டுசெல்லும் மடுவையும் சேர்த்துக் காத்தல் வேண்டும். வாய் அடைபட்டால் வயிறு இருந்தும் பயனில்லை. நிலப்பயன் மாற்ற அறிவிப்புகளும் வரைபடங்களும் ஊர்தோறும் தெளிதமிழில் ஒட்டப்பெறல் வேண்டும். தனக்கு விளங்காத மொழியில் வந்த அறிவிப்புக்கு எந்த உழவன் மறுப்பு எழுத இயலும்?

வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என ஊர்ப்பெயர்கள் இன்றும் நீரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. தாங்கல் என்றால் ஏரி. அச்சொல்லின் பொருள் அறிந்த ஒருவர் ஊர்தோறும் இருந்து, வரைபடத்தை விரித்துப் பார்த்து, ஏரி எங்கே என்று கேட்கட்டும். கேட்கும் நாவு உள்ளவரை நிலம் பிழைக்கும். மொழிக்காவலும் நிலக்காவலும் வேறு வேறல்ல.

வெல்க தமிழ்!