விற்பவருக்கும் வேண்டும் கைத்திறன்



பால்மரம் வெட்டும் நமக்குக் கத்தியின் அளவு தெரியும். மேலாக வெட்டினால் பால் குறையும். ஆழ வெட்டினால் மரம் காயப்படும். சரக்கு விற்பதற்கும் அப்படி ஓர் அளவும் பழக்கமும் உண்டு. சிங்கப்பூரில் விற்பனை வேலை தேடும் நம் பிள்ளைகளிடம் முதலாளிமார் எதைப் பார்க்கிறார்கள்?

முதலாவது மொழி. அங்கே ஆட்சிமொழிகள் 4: மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம். சிராங்கூன் சாலைக் கடையில் தமிழில் சேலை விற்பவர், மலாய்க்காரருக்கும் சீனருக்கும் விளங்கச் சொன்னால் அவர் மதிப்பு உயரும்.

இரண்டாவது கணக்கு. விளம்பரத்துக்கு 100 வெள்ளி போட்டால் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எழுதிக் காட்ட வேண்டும். செக்ரோல் எழுதும் கிராணிமாருக்கு இது புதிதல்ல.

மூன்றாவது, கணினியிலும் கைப்பேசியிலும் சரக்கை அறிமுகப்படுத்தும் பழக்கம்.

கற்கப் பணம் எங்கே? 1979இல் சிங்கப்பூர் அரசு திறன் மேம்பாட்டுத் தீர்வை கொண்டுவந்தது. வெளிநாட்டார் உட்பட ஒவ்வொரு தொழிலாளிக்கும், சம்பளத்தில் 100 வெள்ளிக்கு 25 காசு வீதம், மாதம் 2 வெள்ளிக்குக் குறையாமல், 11.25 வெள்ளிக்கு மிகாமல் முதலாளியே கட்ட வேண்டும். அதைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. 2016 முதல் 25 வயது நிரம்பிய குடிமக்களுக்கு 500 வெள்ளி பயிற்சித் தொகையும் உண்டு.

குடியுரிமை இல்லாத நம் பிள்ளைகளுக்கு அந்த 500 வெள்ளி கிடையாது. ஆகவே வேலையில் சேரும்போதே பயிற்சியைப் பேசிக்கொள்ளட்டும். திறமை கூடினால் கூலியும் கூட வேண்டும். கேட்காமல் அது கூடாது, தோழர்களே!