அரக்கு வேலையும் கணினி வரைவும்

அரக்கு என்றவுடன் நம்மவர்க்கு நினைவு வருவது பாரதக் கதையிலே பாண்டவரை எரிப்பதற்கென்று கட்டப்பட்ட மாளிகையேயாகும். நெருப்பருகே சென்றால் இளகி உருகிவிடும் பொருள் அஃது என்பதை அக்கதையே உணர்த்திவிடுகின்றது. மரக்கிளைகளிலே கூட்டங் கூட்டமாக ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. சூழ்ச்சிக்குத் துணை நின்ற அதே இளகுந் தன்மையை அழகுக் கலைக்கு ஆக்கிக்கொண்ட ஊர் ஒன்று மாத்தளை மாவட்டத்திலே உண்டு. பல்லேஹபுவிட என்பது அதன் பெயர்.

அவ்வூரார் கையாளும் முறைக்குச் சிங்களத்தில் நகவேலை என்னும் பொருள்படும் பெயர் வழங்குகின்றது. தூரிகை அங்கே இல்லை. அரக்கைக் கரி நெருப்பிலே இளக்கி, இழுத்தும் மடித்தும் பதப்படுத்தி, நிறப்பொடியை அதனோடு சேர்த்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கோலாக முன்னரே ஆயத்தஞ் செய்துகொள்வர். பின்னர் அக்கோலினின்றும் நூல்போல் மெல்லிய இழையை இழுத்து, சூடேற்றிய மரத்தின் மீது வைத்து, பெருவிரல் நகத்தினால் வெட்டி ஒட்டுவர். இதழ், கொடி, இலை, சங்கிலிக் கோடு யாவும் இவ்வாறே தோன்றுகின்றன. முடிவிலே கூந்தற்பனை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவர். கைத்தடி, விசிறிக் காம்பு, ஏட்டுச் சுவடியின் மரச்சட்டம், சிறு பேழை என்பன இவ்வேலைக்கு உரிய பொருள்கள். நிறங்களோ மிகச் சில: சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. பண்டைய முறையிலே சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் பயன்பட்டன.

இவ்வேலையை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஆனந்த குமாரசுவாமி. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877ஆம் ஆண்டிலே கொழும்பிற் பிறந்த அவர், கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கையின் ஊர்களையெல்லாம் சுற்றியவர். கல்லைத் தேடிச் சென்ற கண்ணுக்குக் கலை அகப்பட்டது. 1908ஆம் ஆண்டிலே வெளிவந்த அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் ஹபுவிட அரக்கு வேலையும் இடம்பெறுகின்றது. அந்நூலின் சிறப்புக்களுள் ஒன்று, அலங்கார உருவங்களை அவர் இனம் பிரித்து அடுக்கிய முறை. விலங்கும் பறவையும் ஒருபுறம், கொடியும் இலையும் பூவும் ஒருபுறம், கயிறும் சதுரமும் புள்ளியும் போன்ற கோட்டு உருவங்கள் வேறொருபுறம் என்று, பெயரோடும் படத்தோடும் வகைப்படுத்தினார். பெயரில்லாத உருவத்தைத் தேடி எடுத்தல் அரிது. தேடி எடுக்க முடியாததை மீண்டும் பயன்படுத்துதல் அதனினும் அரிது.

அவர் தாளிலே செய்த அந்த அடுக்கு வேலை இன்று பாடசாலை மாணவர் மேசைக்கே வந்துவிட்டது. கணினியிலே படம் வரையும் வழிகள் இரண்டு. ஒன்று, நிறப் புள்ளிகளை நெருக்கமாக நிரப்புவது, ஒளிப்படம் அத்தகையது. பெரிதாக்கினால் புள்ளிகள் பல்லிளிக்கும். மற்றது, கோட்டையும் வளைவையும் கணிதமாகவே எழுதி வைப்பது. தபால்தலை அளவிலும் பந்தல் அளவிலும் அஃது ஒரே கூர்மையோடு விளங்கும். இதனை ஆங்கிலச் சொல்லால் வெக்டர் ஓவியம் என்பர். நம் நாட்டுக் கணித பாடநூல்களிலே வெக்டருக்குக் காவி என்று பெயர். காவி வரைவு என்றவுடன் காவி நிறத்திலே வரைந்த படமோ என்று வகுப்பிலே ஒரு பிள்ளை வினவினால் சினம் கொள்ளுதல் தகாது. மொழி அவ்வாறு மயங்க இடங் கொடுத்திருக்கின்றது.

இக்கலைக்கும் வயது குறைவன்று. 1963ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லண்ட் என்பார் ஸ்கெச்பாட் என்னும் வரைவு முறையை உருவாக்கினார். அதிலே மூலப்படம் ஒன்று. அதன் பிரதிகள் பல. மூலத்திலே ஒரு கோட்டை மாற்றினால் பிரதிகள் யாவும் தாமே மாறும். அதே காலத்திலே பிரான்சின் றெனோ மோட்டார் தொழிற்சாலைப் பொறியியலாளர் பியேர் பெசியே, வண்டியின் உடல் வளைவுகளைச் சில புள்ளிகளால் குறிக்கும் முறையைப் பரப்பினார். இன்று எழுத்துருவும் சின்னமும் அவ்வளைவாலேயே அமைகின்றன. அடோபி இல்லஸ்ட்ரேட்டர் 1987இலும், விலையின்றிக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் 2003இலும் வெளிவந்தன. பணம் கொடுத்து மென்பொருள் வாங்க இயலாத தோட்டப் பாடசாலைக்கு இரண்டாவது போதுமானது.

இனி ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். மாத்தளையிலே ஒரு பாடசாலை. இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்குகின்றது. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என நான்கு இல்லங்கள். நான்குக்கும் ஒரே சின்னம் வேண்டும். நிறம் மாத்திரம் வேறுபட வேண்டும். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி அரக்குப் பேழையின் மூடியைப் பார்த்து, நடுவிலே பூவும் சுற்றிலும் இதழ் வரிசையும் ஓரத்திலே சங்கிலிக் கோடுமாக அழகாக வரைந்து விடுகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். தளம் சிவப்பு, கோடு மஞ்சள். இதழ்கள் மாத்திரம் அறுபத்து நான்கு.

அழகாக வரைந்தாளேயன்றி அடுக்கி வரைந்தாளில்லை. ஒவ்வோர் இதழுக்கும் தனித்தனியே சிவப்பு இட்டாள். அவற்றுள் சில சற்றே கருஞ்சிவப்பாகவும் சில சற்றே வெளிறியும் இருந்ததைக் கண் காணவில்லை, கணினி மறக்கவில்லை. நீல இல்லத்துக்கு மாற்ற முற்பட்டபோது அறுபத்து நான்கையும் ஒவ்வொன்றாகத் தொட வேண்டியதாயிற்று. மூன்று இதழ்கள் சிவப்பாகவே நின்றுவிட்டன. அவற்றைத் தேடுவதில் ஒரு மாலைப்பொழுது கழிந்தது. முதலிலே ஒழுங்கு செய்திருந்தால் அஃது அரைமணி நேர வேலை.

அவ்வொழுங்கு யாது? தளம், இதழ், ஓரம், கோடு என்பவற்றை வெவ்வேறு அடுக்குகளில் வைத்தல் முதலாவது. அடுக்கு என்பது கண்ணாடித் தாள் போன்றது. கீழிருப்பதை மேலிருப்பது மறைக்கும். அரக்குத் தொழிலாளியும் தளத்தை முதலிற் பூசிய பின்னரே இழையை ஒட்டுகின்றார். வரிசை தப்பினால் வேலை தப்பும். அடுத்து, ஒரே இதழை ஒருமுறை வரைந்து ஏனையவற்றை அதன் பிரதிகளாகச் சுழற்றி வைத்தல். மூல இதழ் திருந்தினால் அறுபத்து மூன்றும் திருந்தும். மிக முக்கியமானது நிறத்தட்டு. நிறத்தை உருவத்தின் மீது நேரே இடாமல், தட்டிலே ஒரு பெயரோடு வைத்து, உருவத்தை அப்பெயரோடு இணைத்துவிட வேண்டும். தட்டிலே நிறத்தை மாற்றினால் இணைந்த யாவும் மாறும். அப்பெயரைச் சிவப்பு என்று வைத்தல் பிழை. நாளை நீலமாகும்போது சிவப்பு என்னும் பெயருடைய நீலம் ஒன்று கோப்பிலே நின்று எல்லாரையும் ஏமாற்றும். தளநிறம், கோட்டுநிறம், இதழ்நிறம் எனத் தொழிலால் பெயரிட்டால் அப்பெயர் என்றும் பொய்க்காது.

அரக்குக் கைவினைஞர் இழை இழுக்கு முன்பே நிறக்கோல்களை வரிசையாக வைத்துக்கொள்வதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஆயினும் பெரியதொரு வேற்றுமை உண்டு. அரக்கிலே உருவமும் நிறமும் ஒன்றாகவே பிறக்கின்றன. சிவப்பு இழையை மஞ்சளாக்க வழியில்லை. கணினியிலே உருவம் வேறு, நிறம் வேறு. நிறம் என்பது செம்மை, பசுமை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் அளவேயாகும்; ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்றையும் கலந்தால் 1 கோடி 67 இலட்சத்துக்கு மேற்பட்ட நிறங்கள். நான்கு நிறத்தோடு வாழ்ந்த கலை எங்கே, இந்தப் பெருக்கம் எங்கே! பெருக்கம் கண்டு மயங்குவோரே மிகுதி. எந்த நிறத்தையும் எங்கும் இடலாம் என்னும் வசதி, எந்த நிறமும் எங்கும் பொருந்தும் என்னும் எண்ணத்தை வளர்த்துவிடுகின்றது.

நான்கு இல்லச் சின்னங்களே இதற்குச் சான்று. சிவப்புத் தளத்திலே மஞ்சட் கோடு பளிச்சென்று நின்றது. நீலத் தளத்திலும் நின்றது. மஞ்சள் இல்லத்துக்காகத் தளத்தை மஞ்சளாக்கியவுடன் கோடு மறைந்தே போயிற்று. நிறம் மாற்றுவோர் காக்க வேண்டியது நிறத்தின் பெயரையன்று. ஒளிக்கும் இருளுக்கும் இடையேயுள்ள முறையை. இருண்ட தளத்தில் ஒளிர்ந்த கோடு என்பதே மூலப்படத்தின் முறை. தளம் ஒளிர்ந்ததாகுமாயின் கோடு இருள வேண்டும். மஞ்சள் இல்லத்துக்குக் கறுப்புக் கோடே தக்கது.

இதனைக் கண்ணால் மட்டும் மதிப்பிட வேண்டியதில்லை, கணக்கும் உண்டு. ஒரு நிறத்தைச் சாம்பலாக்கினால் எவ்வளவு ஒளிரும் என்பதை அறிய, செம்மையில் நூற்றுக்கு 30, பசுமையில் 59, நீலத்தில் 11 பங்கு எடுத்துக் கூட்டுவது பழக்கமான முறை. செம்மை மட்டும் 255 உடைய சிவப்புக்கு விடை ஏறக்குறைய 76. பசுமை மட்டும் 128 உடைய பச்சைக்கும் விடை ஏறக்குறைய 76. திரையிலே ஒன்றற்கொன்று பகைபோல் தோன்றும் சிவப்பும் பச்சையும் நிழற்பிரதி இயந்திரத்தின் வழியே வெளிவந்தால் ஒரே சாம்பல்! போட்டி நிகழ்ச்சி நிரலை நிழற்பிரதி எடுத்து ஊருக்கெல்லாம் வழங்கும் பாடசாலையிலே, சிவப்பு இல்லத்தார் யார், பச்சை இல்லத்தார் யார் என்று தாளைப் பார்த்து அறிய முடியாது. செம்பச்சை நிறக்குருடு உடைய பிள்ளைக்கோ நிறத்தாளிலும் இதே இடர்ப்பாடு. ஆண்களிலே நூற்றுக்குச் சிலர் அத்தகையோர். ஆதலால் பச்சையை மேலும் இருளச் செய்தல் நன்று. ஒவ்வொரு சின்னத்தின் கீழும் இல்லத்தின் பெயரை எழுத்தால் பொறித்தல் அதனினும் நன்று. வேலை முடியுமுன் படத்தை ஒருமுறை சாம்பலாக்கிப் பார்க்கும் வழக்கம் வேண்டும். பிடிக்கவில்லையென்றால் ஒரு விசையைத் தட்டினால் பழைய நிலை திரும்பும்.

அந்த விசை எவ்வளவு பெரிய பேறு என்பதை மாத்தளை மாவட்டத்தார் நன்கு அறிவர். சிகிரியாக் குன்றும் இம்மாவட்டத்ததே. அங்கே ஐந்தாம் நூற்றாண்டு ஓவிய மங்கையர் மீது 1967ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஓர் இரவிலே தீயோர் பச்சை வர்ணத்தை அள்ளிப் பூசினர். இத்தாலிய வல்லுநர் லூசியானோ மரன்சி வந்து, பெரும் பொறுமையோடு அவ்வோவியங்களைச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. பாறைக்குப் பழைய நிலை திருப்பும் விசை கிடையாது.

கணினியிலே மூலம் அழியாது என்று எண்ணுவதும் முழு உண்மையன்று. நீல இல்லத்துக்கு மாற்றிய படத்தை அதே பெயரிலே சேமித்துவிட்டால் சிவப்பு மூலம் போயிற்று. அரக்குப் பேழையின் நிறத்திலேயே வரைந்த முதற் கோப்பைத் தொடாமல் தனியே வைத்து, மாற்றங்களைப் பிரதியிலே செய்தல் வேண்டும். அச்சகத்துக்கு அனுப்பும்போது தமிழ் எழுத்துக்களை வளைவுகளாக மாற்றிவிடுவதும் வழக்கம். எழுத்துரு இல்லாத இடத்திலும் அவை சிதையா. மாற்றிய பின் பிழைதிருத்த இயலாதாகையால், எழுத்தாகவே இருக்கும் பிரதியும் கையிருப்பில் வேண்டும்.

இன்னொன்று உண்டு. இத்தகைய படங்களைச் சேமிக்கும் எஸ்.வி.ஜி. என்னும் பொது வடிவம் 2001ஆம் ஆண்டிலே உலகளாவிய இணைய அமைப்பினால் ஏற்கப்பட்டது. அதனுள்ளே படத்தின் தலைப்பையும், ஆக்கியோர் பெயரையும், விளக்கத்தையும் எழுதி வைக்க இடமுண்டு. பெரும்பாலான கோப்புக்களிலே அவ்விடம் வெறுமையாகவே கிடக்கின்றது. இதழ் வரிசை பல்லேஹபுவிடப் பேழையிலிருந்து வந்தது என்பதை அங்கே எழுதாவிட்டால், கோப்பு நான்கு கை மாறுவதற்குள் ஏதோ ஓர் அலங்காரம் என்றாகிவிடும். மாணவி அறுபத்து நான்கு இதழ்களையும் நிறத்தட்டோடு இணைத்து முடித்தபின், அவ்வூரின் பெயரையும் தமிழிலும் சிங்களத்திலும் அவ்விடத்தில் எழுதி, பின்னரே கோப்பைச் சேமித்தல் வேண்டும்.