நகரத்துக்கு ஏற்ற மோட்டார் சைக்கிள்



பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வேற்று மாநிலத்திற்கு வந்தவர்களுக்கு முதலில் வேண்டுவது தங்குவதற்கு ஒரு வீடு. அடுத்து வேண்டுவது, அந்த வீட்டிலிருந்து வேலைக்குச் சென்று திரும்ப ஒரு வழி. தில்லியானாலும் சரி, மும்பையானாலும் சரி, வாடகை குறைந்த வீடு அலுவலகத்திற்கு அருகில் அமைவது அரிது. மெட்ரோ ரயிலும் பஸ்ஸும் பெரிதும் உதவுகின்றன என்பது மெய்யே. ஆயினும் ரயில் நிலையத்திற்கு அப்பால் இரண்டு, மூன்று கிலோமீட்டர் எஞ்சி நிற்கிறது. ஆகவேதான் நம்மவரில் பலர், வந்து ஓராண்டு கழிவதற்குள் மோட்டார் சைக்கிள் வாங்குவதைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்குகிறார்கள்.

எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் திருநெல்வேலி இளைஞர் ஒருவர் அண்மையில் என் மேஜையருகே வந்து நின்றார். "ஸார், வண்டி வாங்கலாம் என்று இருக்கிறேன். எது நல்லது என்று சொல்லுங்கள்" என்றார். அவர் கையில் மூன்று விளம்பரத் தாள்கள் இருந்தன. மூன்றிலும் கண்டவை பருத்த, கனத்த வண்டிகளே. "தம்பி, இவற்றில் எதையாவது தள்ளிப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "ஒன்றை ஓட்டிப் பார்த்தேன் ஸார், தள்ளிப் பார்க்கவில்லை" என்றார். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த விடையிலிருந்து பிறந்ததே.

அவரை நான் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நானும் அவரைப் போன்றே ஒரு பெரிய வண்டியை விரும்பி வாங்கினேன். இருநூறு கிலோவை எட்டும் எடை, கம்பீரமான ஓசை. அண்டை வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் தட்டிக் கொடுத்துப் பாராட்டியபோது உள்ளம் குளிர்ந்தது. மயூர் விஹாரிலுள்ள என் வீட்டிலிருந்து யமுனையைக் கடந்து அலுவலகத்திற்கு நாள்தோறும் அதில் சென்று வந்தேன். சாலை காலியாக இருந்தால் அதைப் போன்ற சுகம் வேறில்லை. ஆனால் தில்லியில் காலை ஒன்பதரை மணிக்குச் சாலை காலியாக இருப்பதை எவர் கண்டார்? பாதி வழி முழுவதும் இரு கால்களையும் தரையில் ஊன்றி, தவழ்ந்து தவழ்ந்தே போகவேண்டியிருந்தது.

ஓர் ஆகஸ்டு மாதக் காலையில் என் மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு பள்ளித் தேர்வுக்கு அழைத்துச் சென்றேன். இரவெல்லாம் பெய்த மழையில், ரயில் பாலத்தின் அடிப்பாதையில் முழங்காலளவு நீர் நின்றது. நடுவே எஞ்சின் நின்றுவிட்டது. நீருக்கடியில் பள்ளம் இருந்ததை நான் அறியவில்லை. ஊன்றிய கால் வழுக்கியது, வண்டி சாய்ந்தது, சாய்ந்த வண்டியைப் பிடித்து நிறுத்த என்னால் இயலவில்லை. ஒன்பது வயதுக் குழந்தையின் கணுக்கால் அதனடியில் அகப்பட்டுக்கொண்டது. வழிப்போக்கர் இருவர் ஓடி வந்து தூக்கியிராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்று இன்றும் எண்ணிப் பார்க்க அஞ்சுகிறேன். எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு, தேர்வும் போயிற்று. வண்டியின் மீது குற்றமில்லை. என் வலிமைக்கும் என் வழிக்கும் பொருந்தாததைத் தேர்ந்தெடுத்த என் மீதே குற்றம். அந்த வண்டியை விற்றுவிட்டு 100 சி.சி. வண்டி ஒன்றை வாங்கினேன். அதையே இன்றும் ஓட்டிவருகிறேன்.

எளியோரின் அன்றாடப் பயணத்துக்கென்றே சிறு வண்டியை அமைக்கும் எண்ணம் புதிதன்று. 1958-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்னும் 50 சி.சி. வண்டியை வெளியிட்டது. 2017-ஆம் ஆண்டிற்குள் அவ்வகை வண்டிகள் பத்துக் கோடி உற்பத்தியாகிவிட்டன. நம் நாட்டில் 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் வந்து, சைக்கிள் மிதித்துக் களைத்தவர்களுக்கு ஆறுதல் அளித்தது. 1985-இல் ஹரியானாவின் தாருஹேராவிலிருந்து ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வெளிவந்தது. அதற்கு முன் இங்கே பெருவாரியாக ஓடியவை பெட்ரோலுடன் எண்ணெயும் எரித்துப் புகை கக்கும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். சி.டி. 100-இன் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினோ குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடியது. 1994-இல் வந்த ஸ்ப்ளெண்டர் அதன் வழித்தோன்றல். இன்றைய ஸ்ப்ளெண்டர் ப்ளஸ்ஸின் எஞ்சினும் 97.2 சி.சி. அளவினதே.

இனி, வண்டி வாங்கச் செல்பவர் கவனிக்கவேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் கூறுகிறேன்.

முதலாவது, எடை. பெட்ரோலும் எண்ணெயும் நிரப்பிய நிலையில் உள்ள எடையைக் கேட்டறிய வேண்டும். ஸ்ப்ளெண்டர் ப்ளஸ் ஏறத்தாழ 112 கிலோ. 2023-இல் வந்த ஹோண்டா ஷைன் 100 ஏறத்தாழ 99 கிலோ. எடையின் பொருளை உணர ஓர் எளிய கணக்கு உண்டு. பத்தடி நீளத்திற்கு ஓரடி உயரும் சரிவில் 112 கிலோ வண்டியைத் தள்ள, உராய்வை விட்டுவிட்டாலும், 11 கிலோ எடையைத் தூக்கும் பலம் வேண்டும். 200 கிலோ வண்டிக்கு 20 கிலோ. அடுக்கு வீட்டின் சரிவுப் பாதையில் நாள்தோறும் இருமுறை வண்டியை ஏற்றி இறக்குபவருக்கு இந்த வேற்றுமை இடுப்பிலும் தோளிலும் தெரியும். இருக்கையின் உயரமும் இத்துடன் சேர்த்துப் பார்க்கத்தக்கது. மேற்கூறிய வண்டிகளில் அது சுமார் 78½ சென்டிமீட்டர். அமர்ந்த நிலையில் இரு பாதங்களும் தரையில் நன்கு பதிகின்றனவா என்று சோதியுங்கள். விரல் நுனி மட்டுமே எட்டுமானால் அந்த வண்டி உங்களுக்கு உரியதன்று.

இரண்டாவது, நம்பகம். ஒருபோதும் பழுதாகாத இயந்திரம் உலகில் இல்லை. பழுதானால் எவ்வளவு விரைவில், எவ்வளவு அண்மையில் சீராகும் என்பதே கேள்வி. இங்கே நம் போன்றோர்க்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. சொந்த ஊரில் என்றால் மெக்கானிக்கிடம், "அண்ணே, மூன்றாவது கியரில் ஒரு முனகல் கேட்கிறது" என்று சொல்லிவிடலாம். புதிதாக வந்த ஊரில் முனகலுக்கு ஹிந்தியில் என்ன சொல், மராத்தியில் என்ன சொல் என்று தேடுவதற்குள் பொழுது போய்விடும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நானே தெருமுனைப் பட்டறையில் கையை ஆட்டிச் சைகை காட்டி நின்றிருக்கிறேன். ஆனால் எங்கும் பரவலாக ஓடும் வண்டியாக இருந்தால், நாம் வாய் திறக்கும் முன்பே மெக்கானிக் அதன் ஓசையைக் கேட்டு நோயைச் சொல்லிவிடுவார். உதிரிப் பாகமும் அடுத்த தெருவிலேயே கிடைக்கும். தில்லியிலோ தமிழர்கள் நெடுங்காலமாக அறிந்த கரோல்பாக் பகுதியே மோட்டார் சைக்கிள் சாமான்களுக்குப் பெயர்பெற்ற சந்தையாக இருக்கிறது. ஆகவே விளம்பரத்தைப் பார்க்கும் முன் உங்கள் தெருவில் எந்த வண்டிகள் மிகுதியாக நிற்கின்றன என்று பாருங்கள்.

மூன்றாவது, பிரேக்கும் சக்கரமும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான புதிய வண்டிகளில், ஒன்றை இயக்கினால் இரு சக்கரங்களிலும் பிடிக்கும் இணைப்பு பிரேக்காவது இருக்கவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு வேண்டும் என்றாயிற்று. பழைய வண்டி வாங்குவோர் இவ்விரண்டில் ஏதேனும் உண்டா என்று கேட்பது நல்லது. கியரற்ற ஸ்கூட்டரும் நல்ல வாகனமே. சாமான் வைக்க வசதியுண்டு. சேலை உடுத்தவரும் எளிதில் ஓட்டலாம். எனினும் அதன் சக்கரம் 10 அல்லது 12 அங்குலம். மோட்டார் சைக்கிளின் சக்கரமோ பெரும்பாலும் 17 அல்லது 18 அங்குலம். குழிகள் மிகுந்த சாலையில் பெரிய சக்கரம் குழியைக் கடந்துவிடும்; சிறிய சக்கரம் குழிக்குள் இறங்கிவிடும். உங்கள் வழி எத்தகையது என்பதைக் கொண்டு முடிவு செய்க.

நான்காவது, குளிர்காலம். வடநாட்டில் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் எஞ்சினைக் கிளப்புவதே ஒரு தவம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்தபின் கார்பரேட்டர் பெரும்பாலும் மறைந்து, பெட்ரோலை அளந்து தெளிக்கும் இஞ்செக்ஷன் முறை வந்துவிட்டதால் இத்தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆயினும் உதைத்துக் கிளப்பும் கிக்கர் உள்ள வண்டியாகப் பார்ப்பது விவேகம். பாட்டரி தளர்ந்த காலையில் அதுவே கைகொடுக்கும்.

செலவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 750 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்குப் பன்னிரண்டரை லிட்டர் பெட்ரோல் போதும். 35 கிலோமீட்டர் கொடுப்பதற்கு இருபத்தொன்றரை லிட்டர் வேண்டும். இந்த ஒன்பது லிட்டரின் விலை, ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணத்திலிருந்துதான் குறையும் என்பதை மறத்தலாகாது.

மாநிலம் விட்டு மாநிலம் மாறும் நமக்குப் பதிவு எண்ணும் ஒரு பிரச்சினை. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய எண் பெறவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். 2021-ஆம் ஆண்டில் பி.எச். என்ற பாரத் வரிசை எண் ஏற்பட்டது. மத்திய, மாநில அரசு ஊழியர்கள், படையினர், பொதுத்துறையினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோர் இதைப் பெறலாம். சாலை வரியை இரண்டிரண்டு ஆண்டுகளுக்காகச் செலுத்தினால் போதும். மாற்றல் ஆகும்போது மறுபதிவுத் தொல்லை இல்லை. வாங்கும் நேரத்திலேயே விற்பனையாளரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

சிறிய வண்டி எல்லோருக்கும் ஏற்றதென்று நான் வாதிக்கவில்லை. மேடு பள்ளம் மிகுந்த மலை நகரங்களில் இருப்பவர்களும், எப்போதும் மனைவியுடன் செல்பவர்களும், வாரந்தோறும் நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் போகிறவர்களும் 125 சி.சி. வண்டியை நாடலாம். எடையில் வேற்றுமை பெரிதன்று. ஷைன் 125 கூடச் சுமார் 113 கிலோதான். 100 சி.சி. வண்டியின் ஏறத்தாழ 8 குதிரைத்திறன் நகரத்துக்குப் போதும். லாரிகள் விரையும் நெடுஞ்சாலைக்குப் போதாது.

எந்த வண்டியானாலும் பராமரிப்பு எளியது. வாரம் ஒருமுறை டயரில் காற்றைச் சோதியுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடுங்கள். சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் காக்கும் தடுப்பை அழகுக்காகக் கழற்றிவிடாதீர்கள். அது விதிப்படி இருக்கவேண்டியது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட்டை ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் அணிந்து, தாடைப் பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலி இளைஞரிடம் இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமையன்று அவருடன் கடைக்கும் சென்றேன். பெரிய வண்டியொன்றையும் சிறிய வண்டியொன்றையும் கடை வாசலிலிருந்த சரிவில், எஞ்சினைக் கிளப்பாமல், தாமே தள்ளி ஏற்றிப் பார்க்க அனுமதி கேட்டார். கடைக்காரர் சிரித்தார், இதுவரை எவரும் அப்படிக் கேட்டதில்லையாம். பெரிய வண்டி பாதிச் சரிவில் நின்றது. சிறியதை அவர் மேலே கொண்டுபோய் நிறுத்தி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஸார், பொங்கலுக்கு அம்மா இங்கே வருகிறார்கள். கோயிலுக்கு இதில்தான் அழைத்துப் போகவேண்டும்" என்றார். அப்படியானால் ஹெல்மெட் இரண்டாக வாங்குங்கள் என்றேன். இரண்டையும் வாங்கிக்கொண்ட பிறகே அவர் வண்டிக்கு முன்பணம் கட்டினார்.

நேயர்களே, நீங்களும் அவ்வாறே தள்ளிப் பார்த்து வாங்குங்கள்.