தாழ்வாரம் உள்ள தெரு

புதுச்சேரிக்குப் போகிறவர்களில் பலர் கடற்கரையையும் பிரெஞ்சு வீதிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே கொஞ்சம் நடந்தால் தமிழர் வீதிகள் வந்துவிடும்.

அங்கே வைசியாள் வீதியில் ஒரு பழைய வீட்டின் முன்னால் நின்று பாருங்கள். முதலில் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். தெருவில் போகிறவர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க அந்த நிழல். அடுத்தது திண்ணை, வந்தவர் உட்கார. அதற்குப் பிறகுதான் கதவு! நிமிர்ந்து பார்த்தால் மாடி பிரெஞ்சுப் பாணி, வளைவு வைத்த சன்னல்கள். இந்த வீதியைச் சீரமைத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

வீதிகள் நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பதற்கு, 1690-களில் ஊரை ஆண்ட டச்சுக்காரர்கள் போட்ட திட்டம் ஒரு காரணம்.

அருகிலேயே ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. அவர் 1736-இல் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு, அந்தக் கால ஊரை இன்றும் நம் கண்முன் நிறுத்துகிறது. 1908-இல் இங்கே வந்த பாரதியார் பத்தாண்டுகள் இருந்தார்; ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு இப்போது நினைவு இல்லம். பாரதிதாசன் வாழ்ந்த வீடும் நடக்கும் தூரம்தான்.

திண்ணைகள் பல போய்விட்டன. இருப்பவற்றையாவது பார்த்துவிட வேண்டும். அடுத்த முறை போகும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, வெயில் ஏறுமுன் குழந்தைகளோடு நடந்து பாருங்கள்.