தமிழ் என்னும் பெயர்



தமிழென்பது நம் மொழியின் பெயர். அதனையே விரும்பிச் சூடி விஜயரங்கம் என்பார் தமிழ்ஒளியாயினார். இராமநாதன் என்பார் தமிழ்வாணனாயினார். 1969 ஜனவரி 14இல் நமது இராஜ்யமும் தமிழ்நாடென்னும் பெயர் பூண்டது. உ. வே. சாமிநாதையரவர்களையோ அப்பெயர் தானே தேடி வந்தடைந்தது. சைவ மடத்திலே பயின்ற அவர், ஊரூராய் ஏடு தேடிச் சமண காவியமாகிய சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். சாதி சமயங் கடந்த அவ்வுழைப்பினாலன்றோ உலகம் அவரைத் தமிழ்த் தாத்தா என்கிறது! அவர் பெயரால் 1943இல் ருக்மிணி தேவி நிறுவிய நூல்நிலையம் இன்று பெசன்ட் நகரில் உள்ளது. நம்மவர் வீட்டுப் பரண்களில் ஏடுகள் செல்லரித்தல் தகுமோ? அவற்றை இத்தகைய நூல்நிலையங்களில் ஒப்புவிக்குமாறும், பிள்ளைகளைப் பிழையறத் தமிழ் பயிற்றுமாறும் வேண்டி அமர்கின்றேன்.