கலப்பினப் பசுவின் தீவனம் எங்கே போகிறது?



பசு தின்கிற தீவனம் எல்லாம் பாலாகிவிடுவதில்லை. மூச்சுக்கு, நடைக்கு, அசைபோடுவதற்கு, உடம்பைக் காப்பாற்ற, இதற்கெல்லாம் சக்தி வேண்டும். சம்பளம் வந்ததும் முதலில் வீட்டு வாடகையை எடுத்து வைக்கிறோமே, அதுபோல. மிஞ்சுவதுதான் பால்.

நாட்டு மாடு குறைவாகத் தின்னும், குறைவாகக் கறக்கும். ஜெர்சி இனம் கலந்த கலப்பின மாடு அப்படியில்லை. கன்று ஈன்ற முதல் சில வாரங்களில் பாருங்கள். தீவனம் போதாவிட்டாலும் அது உடனே பாலைக் குறைக்காது. தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துக் கறக்கும். விலா எலும்பு தெரியத் தொடங்கும். மறுபடி சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். பாவம், அந்த நேரத்தில் வெறும் வைக்கோலைப் போட்டுவிட்டு மாட்டைக் குறை சொல்வது நியாயமே இல்லை. பசுந்தீவனம் கொடுங்கள். மக்காச்சோளம் போன்ற தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுங்கள்.

இன்னொன்று. நிறையப் பால் என்றால் நிறையத் தீவனம். நிறையத் தீவனம் செரித்தால் உடம்பில் நிறையச் சூடு. ஜெர்சி குளிர்ந்த தீவிலிருந்து வந்த இனம். ஹோல்ஸ்டீன் இனத்துக்கு அதைவிடப் பெரிய உடம்பு; வாடகையும் அதிகம், சூடும் அதிகம். நம் ஊர்ச் சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பையும், நீலகிரி போன்ற மலைக்கு ஹோல்ஸ்டீன் கலப்பையும் பரிந்துரைப்பது இதனால்தான்.

சித்திரை வெயிலில் கலப்பின மாடு மூச்சிரைக்கும். அந்த இரைப்புக்கும் சக்தி செலவாகும், தீவனத்திலும் வாய் வைக்காது. ஆகவே விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் தீவனம் போடுங்கள். பகல் முழுக்க நிழலும், தொட்டி நிறையத் தண்ணீரும் இருக்கட்டும்.