கோழி வளர்ப்போம், ஆனால் எங்கே?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் 'சி' பிளாக் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். கல்யாணமாகித் தாராபுரம் பக்கத்துக் கிராமத்துக்குப் போனதிலிருந்து, மகனோடு இங்கே குடிவரும் வரை 26 வருடம் கொல்லையில் கோழி வளர்த்தவள். வீட்டுக் குழம்புக்கு அறுத்ததும் பெரும்பாலும் இந்தக் கைதான். அதனால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

மொட்டை மாடியில் 20 நாட்டுக்கோழி வளர்க்க அனுமதி கேட்டு மூன்று வீட்டார் சங்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நம்பிக்கையான கறி கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான், அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. ஆனால் கையை உயர்த்துவதற்கு முன், குஞ்சு முதல் குழம்பு வரை என்ன வேலை இருக்கிறது என்று எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்துகிறேன். பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வருகிறது. அது சரியல்ல. பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனம், அதற்கேற்ற தீவனம், இவற்றால்தான் அது ஆறு வாரத்தில் 2 கிலோவைத் தாண்டுகிறது. ஆன்டிபயாட்டிக் மருந்தை அளவில்லாமல் கொடுக்கிறார்களா என்ற கவலை வேறு. அது நியாயமான கவலை.

நாட்டுக்கோழி அப்படி வளராது. ஒன்றேகால் கிலோ வர நான்கைந்து மாதம் ஆகும். முழுக்கத் தீவனம் வாங்கிப் போட்டால் ஒரு கிலோ எடைக்கு மூன்று, நான்கு கிலோ தீவனம் பிடிக்கும். கிராமத்தில் கட்டுப்படியாவது ஏன்? பாதி இரையைக் கோழியே தேடிக்கொள்கிறது. கரையான், புழு, சிந்திய தானியம், குப்பைமேட்டுக் கீரை. மொட்டை மாடி சிமெண்ட்டில் அது எதைக் கிளறும்?

அடுத்தது குஞ்சு. 21 நாளில் பொரிந்து வரும். தாய்க்கோழி இல்லாமல் வாங்கி வந்தால், முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று டிகிரி குறைக்கலாம். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தால் குளிர்கிறது என்று அர்த்தம். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். இதை இரவிலும் எழுந்து பார்க்க வேண்டும்.

இனி நோய். இதை என் தப்பிலிருந்து சொல்கிறேன். ஒரு வருடம் அறுவடை வேலையில் தடுப்பூசியைத் தள்ளிப் போட்டேன். வெள்ளைக்கழிச்சல் வந்தது. ராணிக்கெட் என்பதும் அதுதான். 40 கோழியில் ஒரே வாரத்தில் 34 போயிற்று. கழுத்து முறுக்கிக்கொண்டு நின்ற குஞ்சுகளை இன்னும் மறக்கவில்லை. அந்த நோய் வந்தபின் மருந்து கிடையாது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையடியில் ஊசி. இதற்கு நாள் தவறக் கூடாது. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இப்போது யாரும் பேச விரும்பாத பகுதி. வளர்த்தால் அறுக்கவும் தெரிய வேண்டும்.

நான் முதன்முதலில் அறுத்தபோது அரிவாள்மணை மழுங்கியிருந்தது. கோழி துடித்தது. மாமனார் ஒன்றும் திட்டவில்லை. "சாப்பிடத்தானம்மா அறுக்கிறோம், அதை வதைக்க நமக்கு உரிமை இல்லை" என்றார். அன்றிலிருந்து கத்தியைத் தீட்டாமல் கோழியைத் தொட்டதில்லை.

முதல் நாள் இரவோடு இரையை நிறுத்த வேண்டும்; தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். குடல் காலியாக இருந்தால்தான் கறி சுத்தமாக வரும். துரத்திப் பிடிக்கக் கூடாது. விடியுமுன் இருட்டில் எடுத்தால் கோழி சத்தம் போடாது. தாடைக்குக் கீழே ஒரே வீச்சில் அறுத்து, இரண்டு, மூன்று நிமிடம் இரத்தம் முழுக்க வடிய விட வேண்டும். இறகு பிடுங்கக் கொதிநீர் ஆகாது, தோல் வெந்து கிழியும். 60 முதல் 65 டிகிரி, ஒரு நிமிடம் போதும். கொதித்த தண்ணீரோடு அதே அளவு பச்சைத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். பிறகு தீயில் வாட்டி, மஞ்சள் தடவிக் கழுவுவோம். வயிற்றைத் திறக்கும்போது குடல் கிழியக் கூடாது, ஈரலோடு ஒட்டிய பித்தப்பை உடையக் கூடாது. உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசக்கும். அந்த இடத்தை வெட்டி எறிய வேண்டும்.

கறியை உடனே சமைக்காவிட்டால் சீக்கிரம் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைக்கும். ஓர் இரவு உள்ளே இருந்தால் விறைப்பு விட்டுக் கறி மெத்தென்றாகும்.

இதில் கடைக் கறி வாங்குபவர்களுக்கும் ஒரு சேதி உண்டு. பச்சைக் கறியைக் குழாயடியில் வேகமாகத் தண்ணீர் திறந்து கழுவாதீர்கள். தெறிக்கும் நீரோடு சால்மோனெல்லா கிருமி பாத்திரம், பலகை எல்லாவற்றிலும் படும். காய் நறுக்கும் பலகையும் கறிப் பலகையும் தனித்தனியாக இருக்கட்டும்.

சரி, இதையெல்லாம் நம் குடியிருப்பில் செய்யலாமா? வேண்டாம் என்பதே என் கருத்து. 20 கோழியின் எச்சம், இறகு, குடல், இரத்தம் எல்லாம் எங்கே போகும்? கிராமத்தில் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுவோம். இங்கே நமக்கு இருப்பது ஒரே வடிகால், அதுவும் மழைக்காலத்தில் படும் பாடு தெரியும். சிந்தும் தீவனத்துக்கு எலி வரும். சைவக் குடும்பங்களும் நம்மில் உண்டு. சட்டமும் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளின்படி, நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற இறைச்சிக்கூடத்தில்தான் அறுக்க வேண்டும்.

அதற்காக ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. நம்மில் பலருக்கு ஊரில் வீடும் கொல்லையும், அங்கே பெரியவர்களும் இருக்கிறார்கள். அங்கே ஆறு பெட்டை, ஒரு சேவல், ராத்திரிக்கு ஒரு கோழிக்கு 2 சதுர அடி கணக்கில் கீரி நுழையாத கூடு. இதிலிருந்து தொடங்குங்கள். தடுப்பூசிச் செலவை நீங்கள் அனுப்புங்கள். விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். எழுதிக் கேட்ட மூன்று வீட்டாருக்கும் முதல் முறை உதவிக்கு நானே வருகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கேட் வாசலில் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளைப் பிள்ளைகளுக்கு விளையாட வாங்கித் தராதீர்கள். சூடில்லாமல் அவற்றில் பெரும்பாலானவை சில நாளில் செத்துப்போகும். போன மாதம் பிளாக் பின்புறம் ஒரு பிள்ளை ஷூ பெட்டியில் வைத்து ஒரு குஞ்சைப் புதைத்துக்கொண்டிருந்தது. "நான் சோறு போட்டேனே பாட்டி, ஏன் செத்துப்போச்சு?" என்று கேட்டது. நிற்க வைத்துப் பதில் சொல்ல எனக்கு வெகு நேரம் ஆனது.

இனி நீங்கள் முடிவு செய்யுங்கள்.